சைடர்: கடித்தால் துப்ப வைக்கும் ஆப்பிளில் இருந்து ஒரு பானம்

ஆப்பிள் சைடர் வினிகர் இன்று நிறைய வீடுகளில் இருக்கிறது. உடம்பு இளைக்கும், சர்க்கரை குறையும் என்று யாராவது சொல்லி வாங்கி வைத்திருப்பார்கள். அந்தப் பாட்டிலின் பெயரில் இருக்கும் சைடர் தனியாக ஒரு பானம், அதுவும் பல நூறு வருடப் பழக்கமுள்ள பானம் என்பது பலருக்குத் தெரியாது. ஆப்பிளைப் பிழிந்தால் சாறு. சாறு நொதித்தால் சைடர். சைடரைக் காற்றுப்பட விட்டுவிட்டால் வினிகர். நடுவில் நிற்கிற அந்தச் சைடரைப் பற்றி, இதுவரை கேள்வியே படாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதலாம் என்று இருக்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்காவில் வெறுமனே சைடர் என்று கேட்டால் வடிகட்டாத ஆப்பிள் சாறு கொடுப்பார்கள், அதில் ஆல்கஹால் இருக்காது. ஆல்கஹால் உள்ளதற்கு அங்கே ஹார்ட் சைடர் என்று பெயர். இங்கிலாந்தில் சைடர் என்றாலே ஆல்கஹால் உள்ளதுதான். இந்தக் கட்டுரையில் சைடர் என்று வருவதெல்லாம் நொதித்த பானம்.

அடுத்த குழப்பம் இதைவிடப் பெரியது. கடையில் பீர் பாட்டில்களுக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்கள், பப்பில் பீரைப் போலவே குழாயில் பிடித்துப் பெரிய கிளாஸில் தருகிறார்கள், அதனால் ஆப்பிள் வாசனை சேர்த்த பீர் என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பீர் செய்வது தானியத்தில். சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிற நுண்ணுயிர்தான் ஈஸ்ட். பார்லியில் இருப்பது மாவுச்சத்து, அதை ஈஸ்ட் அப்படியே சாப்பிடாது. அதனால் பார்லியை முளைகட்டி, உலர்த்தி, உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றி, ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அதற்கப்புறம்தான் ஈஸ்ட்டைச் சேர்க்க முடியும். ஆப்பிளில் இந்த வேலை எதுவும் கிடையாது. சர்க்கரை பழத்துக்குள் தயாராக இருக்கிறது, அடுப்பும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். நசுக்கிப் பிழிந்து ஊற்றி வைத்தால் மீதியை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். ஆகவே சைடருக்கு நெருங்கிய சொந்தம் வைன்தான்.

எவ்வளவு ஆல்கஹால் வரும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு லிட்டர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை முழுதாக நொதித்தால் 1 சதவீதம் ஆல்கஹால். ஆப்பிள் சாற்றில் லிட்டருக்கு 100 முதல் 130 கிராம் வரை சர்க்கரை இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 6 முதல் 7.5 சதவீதம் வரை வருகிறது. வெயில் நன்றாக அடித்த வருடத்தில் கொஞ்சம் ஏறும், மழையாகவே போன கோடையில் இறங்கும். திராட்சையில் இதைப்போல இரண்டு மடங்கு சர்க்கரை இருப்பதால்தான் வைன் 12, 13 சதவீதம் வரை போகிறது.

எங்கே செய்கிறார்கள் என்று வரைபடத்தில் பார்த்தால் ஒரு விஷயம் சட்டென்று தெரியும். இங்கிலாந்தின் தென்மேற்கில் சாமர்செட், டெவன், அதற்கு வடக்கே ஹெரஃபோர்ட்ஷையர். பிரான்சில் நார்மண்டி, பிரிட்டனி. ஸ்பெயினின் வடகரையில் அஸ்தூரியாஸ், பாஸ்க் நாடு. பெரும்பாலும் அட்லாண்டிக் காற்றும் தூறலும் ஓயாத பக்கங்கள். இப்படிப்பட்ட ஈரத்தில் திராட்சை சரியாகப் பழுக்காது, ஆப்பிள் செழிக்கும். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் பக்கமும் ஆப்பிள் வைன் என்று ஒன்றைச் சாம்பல் நிற மண்கூஜாவில் ஊற்றித் தருகிறார்கள், அது இன்னும் புளிப்பு.

சரி, இப்போது ஆப்பிளுக்கு வருவோம். சைடரில் என் மனதை முதலில் பிடித்தது இந்தப் பகுதிதான். நல்ல சைடர் செய்கிற ஆப்பிளை உங்களால் தின்ன முடியாது.

டாபினெட் என்று ஒரு ரகம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற அளவு, மங்கிய சிவப்பு, பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். கடித்தால் முதல் நொடியில் இனிப்பு, அதுவும் நல்ல இனிப்பு. அதற்கு அடுத்த நொடி கசப்பு ஏறும், அப்புறம் நாக்கிலும் ஈறிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் இருக்கிற ஈரத்தையெல்லாம் யாரோ உறிஞ்சிவிட்ட மாதிரி வறண்டுபோகும். சரியாகப் பழுக்காத நாவற்பழத்தை மென்றவர்களுக்கு இந்தத் துவர்ப்பு தெரியும். பலர் துப்பிவிடுவார்கள். இதற்குக் காரணம் டானின் என்ற பொருள். தேயிலையிலும் சிவப்பு வைனிலும் இருப்பது இதே குடும்பம்தான். கையில் எடுத்துத் தின்னும்போது தொந்தரவாக இருக்கிற இந்த டானின்தான் சர்க்கரை முழுதும் கரைந்துபோன பிறகு பானத்துக்கு ஒரு கனத்தைத் தருகிறது, வாயில் நிற்க வைக்கிறது. கடையில் விற்கிற சாப்பாட்டு ஆப்பிளைப் பிழிந்து நொதிக்கவைத்தால், இனிப்பு போனதும் மெலிந்த புளிப்புத் தண்ணீர்தான் மிஞ்சும்.

பிரிஸ்டல் நகருக்குப் பக்கத்தில் லாங் ஆஷ்டன் என்ற இடத்தில் 1903-இல் பழங்களுக்கும் சைடருக்கும் என்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அங்கே பி.டி.பி. பார்க்கர் என்பவர் சைடர் ஆப்பிள்களை நான்காகப் பிரித்தார், இன்றும் இங்கிலாந்தில் அதையே பின்பற்றுகிறார்கள். அமிலமும் டானினும் குறைவாக இருந்தால் இனிப்பு ரகம். டானின் 0.2 சதவீதத்துக்கு மேல் போய் அமிலம் குறைவாக இருந்தால் கசப்பினிப்பு. அமிலம் 0.45 சதவீதத்தைத் தாண்டி டானின் குறைவாக இருந்தால் புளிப்பு. இரண்டுமே கூடுதலாக இருந்தால் கசப்புப்புளிப்பு. டாபினெட் கசப்பினிப்பு வகை. கிங்ஸ்டன் பிளாக் என்ற புகழ்பெற்ற ரகம் கசப்புப்புளிப்பு, தனியாகவே ஒரு முழுச் சைடராக நிற்கக்கூடிய அபூர்வமான பழம். மற்றதையெல்லாம் பெரும்பாலும் கலந்துதான் பிழிவார்கள், ஒன்றில் இல்லாததை இன்னொன்று கொடுக்கும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம்மவர்கள் குடித்து வளர்ந்த ரிபேனா என்ற பழச்சாற்றுப் பானத்தின் பிறப்பும் இந்த லாங் ஆஷ்டன் ஆராய்ச்சியில்தான். அந்த நிலையத்தை 2003-இல் மூடிவிட்டார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகவே தோன்றுகிறது.

இத்தனை வகை எங்கிருந்து வந்தது? ஆப்பிளின் குணமே அதற்குக் காரணம். ஒரு ஆப்பிளின் விதையை நட்டால் தாய்மரத்தின் பழம் வராது. ஒவ்வொரு விதையிலும் புதிதாக ஒரு மரம், புதிதாக ஒரு சுவை, பெரும்பாலும் புளித்தோ கசந்தோ இருக்கும். கஜகஸ்தான் பக்கம் தியான் ஷான் மலைக் காடுகளில் இன்றும் நிற்கிற காட்டு ஆப்பிள்தான் மூதாதை. அங்கிருந்து மேற்கே வந்து, ஐரோப்பாவின் காட்டு ஆப்பிளோடு கலந்து, இப்படிக் கணக்கில்லாமல் பெருகியது. டாபினெட்கூட சாமர்செட்டில் ஒரு வேலியோரம் தானாக முளைத்து நின்ற மரம்தான். பழம் சைடருக்கு நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் கிளையை வெட்டி ஒட்டுக்கட்டினார்கள், ஒட்டிலிருந்து இன்னொரு ஒட்டு என்று இன்று தோப்பு தோப்பாக நிற்பதெல்லாம் அந்த ஒரு மரத்தின் நகல்.

அறுவடை செப்டம்பரில் தொடங்கி டிசம்பர் வரைகூட இழுக்கும். சாப்பாட்டு ஆப்பிள் மாதிரி ஒவ்வொன்றாகப் பறிக்க வேண்டியதில்லை, நீளக் கழியால் கிளையை உலுக்குவார்கள், விழுந்ததைப் புல்லிலிருந்து பொறுக்குவார்கள். பெரிய தோப்புகளில் இப்போது இயந்திரமே மரத்தைப் பிடித்து உலுக்கிவிடுகிறது. பொறுக்கியதை உடனே பிழியாமல் சில நாள், சில வாரம்கூடக் குவித்து வைப்பார்கள். அந்த நேரத்தில் பழத்தில் மிச்சமிருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், சதையும் இளகும். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், அதுதான் பதம்.

பிறகு அரவை. பழைய நாளில் வட்டமான கல்தொட்டிக்குள் ஒரு கல்சக்கரத்தைக் குதிரை சுற்றிச் சுற்றி இழுக்கும். இன்று மோட்டார் போட்ட அரவை இயந்திரம். அரைத்து வரும் கூழ் வெள்ளையாக வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகிவிடும். அந்தக் கூழைத்தான் ஒரு பலகை மேல் வைக்கோல் பரப்பி, அதன் மேல் ஒரு அடுக்கு கொட்டி, வைக்கோலின் ஓரங்களை உள்ளே மடித்து, மறுபடி குறுக்காக வைக்கோல், மறுபடி கூழ் என்று இடுப்புயரத்துக்குக் கட்டடம் மாதிரி எழுப்புவார்கள். வைக்கோலுக்குப் பதில் இப்போது பெரும்பாலும் துணி, நடுநடுவே மரச்சட்டம். மேலே கனமான பலகையை வைத்துத் திருகை இறக்குவதற்கு முன்பே, அந்த அடுக்கின் சொந்த எடையிலேயே சாறு நாலு பக்கமும் கசிய ஆரம்பித்துவிடும். திருகைக் கொஞ்சம் இறக்கி, நிறுத்தி, சாறு ஓடி முடிந்ததும் இன்னும் கொஞ்சம் இறக்குவார்கள். அவசரப்பட்டால் கூழ் பக்கவாட்டில் பிதுங்கிவிடும். ஒரு டன் ஆப்பிளுக்குச் சுமார் 600 முதல் 700 லிட்டர் சாறு வரும். காய்ந்த சக்கை மாட்டுக்கும் பன்றிக்கும் போகிறது.

இனிமேல் காத்திருப்பதுதான் வேலை. பழைய முறையில் ஈஸ்ட் என்று எதையும் சேர்ப்பதில்லை. பழத்தோடும், அரவைக்கல்லோடும், துணியோடும், பீப்பாயோடும் ஒட்டியிருக்கிற ஈஸ்ட்டே போதும். முதலில் சில காட்டு ஈஸ்ட்கள் கிளம்பும், அவற்றுக்கு ஆல்கஹால் ஏற ஏறத் தாங்காது. அவை ஓயும்போது ரொட்டிக்கும் பீருக்கும் வைனுக்கும் உதவுகிற அதே சாக்கரோமைசிஸ் மேலே வந்து மீதியை முடித்துவைக்கும். முதல் நாட்களில் பீப்பாயின் வாயிலிருந்து பழுப்பு நுரை பொங்கி வழியும். அதை வழியவிட்டு, மேலே மேலே சாறு ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். நுரை அடங்கியதும் வாயை அடைத்து, உள்ளிருந்து வாயு மட்டும் வெளியேறும்படி தண்ணீர் வைத்த ஒரு சின்ன அடைப்பைப் பொருத்துவார்கள். குளிர்காலம் முழுக்க மெதுவாக நொதிக்கும். 10 முதல் 15 டிகிரியில் இப்படி நிதானமாக நொதித்தால்தான் வாசனை தங்குகிறது, வெப்பத்தில் வேகமாக முடித்தால் பாதி வாசனை வாயுவோடு வெளியே போய்விடும். அடியில் மண்டி தங்கியதும் தெளிவை மட்டும் இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றுவார்கள்.

வசந்தத்தில் வெயில் கொஞ்சம் ஏறியதும் பீப்பாய்க்குள் மறுபடி லேசாக நுரை கட்டும். இந்த முறை வேலை செய்வது பாக்டீரியா. ஆப்பிளின் கூர்மையான மாலிக் அமிலத்தை, தயிரில் இருக்கிற மென்மையான லாக்டிக் அமிலமாக அது மாற்றுகிறது, கூடவே கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும் வருகிறது. குளிர்காலத்தில் பல்லைக் கூச வைத்த சைடர் மே மாதத்தில் சாந்தமாகிவிடுவது இதனால்தான்.

பயப்பட வேண்டியது காற்றுக்கு. பீப்பாயில் பாதி காலியாக விட்டு, காற்றும் நுழைய வழி இருந்தால் அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா குடியேறும், ஆல்கஹால் முழுக்க அசிட்டிக் அமிலமாகும், வினிகர் ரெடி. அதனால்தான் எப்போதும் விளிம்பு வரை நிரப்பி வைக்கிறார்கள். கெடாமல் இருக்கக் கொஞ்சம் சல்ஃபைட் சேர்ப்பவர்களும் உண்டு, சேர்க்கவே கூடாது என்பவர்களும் உண்டு. அளவோடு சேர்ப்பதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை.

இங்கே ஒரு சந்தேகம் வரணும். சர்க்கரை எல்லாம் ஆல்கஹாலாகிவிட்டால், கடையில் வாங்குகிற சைடர் ஏன் இனிக்கிறது? பெரும்பாலும் பின்னால் சர்க்கரை சேர்த்து, மறுபடி நொதிக்காமல் இருக்கச் சூடுகாட்டியோ நுண்ணிய வடிகட்டியில் விட்டோ, வாயு ஏற்றி அடைத்ததாக இருக்கும். பிரிட்டனில் 35 சதவீதம் ஆப்பிள் சாறு இருந்தாலே சட்டப்படி சைடர் என்று விற்கலாம், அதுவும் அடர்சாறாக வாங்கித் தண்ணீர் கலந்ததாக இருக்கலாம். முழுச் சாற்றில் செய்ததோடு அதை ஒரே பெயரில் விற்பது சரியென்று எனக்குப் படவில்லை. குடிக்கிறவருக்கு ஆப்பிளின் வித்தியாசமே தெரியாமல் போய்விடுகிறது.

நார்மண்டிக்காரர்கள் இனிப்பை நிறுத்திவைக்க வேறு வழி கண்டுபிடித்தார்கள், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குளிரில் பிழிந்த சாற்றில், பழத்திலேயே இருக்கிற ஒரு நொதி, ஜாமை இறுக வைக்கிற பெக்டின் என்ற பொருளை மாற்றிவிடுகிறது, அது கால்சியத்தோடு சேர்ந்து ஜெல்லியாகத் திரள்கிறது, மெல்லக் கிளம்பும் குமிழிகள் அந்த ஜெல்லியை மேலே தூக்குகின்றன. சில நாளில் தொட்டியின் மேல் தடிமனான பழுப்பு ஏடு நிற்கும், அதற்குப் பழுப்புத் தொப்பி என்றே அங்கே பெயர். ஈஸ்ட்டுக்குத் தேவையான நைட்ரஜன் சத்தில் பெரும்பகுதியை அந்த ஏடு பிடித்துக்கொள்ளும். அதற்கடியில் கண்ணாடி மாதிரி தெளிந்த சாற்றை மட்டும் உருவி எடுத்தால், ஈஸ்ட் பட்டினியிலேயே மெதுவாக வேலை செய்து, சர்க்கரை மிச்சமிருக்கும்போதே களைத்து நின்றுவிடும். 3, 4 சதவீதம் ஆல்கஹால், பழத்தின் சொந்த இனிப்பு. சேர்க்கை ஒன்றும் இல்லை. அங்கேயே சைடரைக் காய்ச்சி வடித்து ஓக் பீப்பாயில் வருடக்கணக்கில் வைத்தால் அதுதான் கால்வடோஸ்.

குமிழி என்றதும் ஷாம்பெயின்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் பாட்டிலுக்குள் இரண்டாவது முறை நொதிக்கவைக்கிற வித்தையை இங்கிலாந்தின் சைடர்க்காரர்கள் சீக்கிரமே தெரிந்துவைத்திருந்தார்கள். 1615-இல் கண்ணாடிச் சூளைக்கு விறகு எரிக்கக் கூடாது என்று அரசு தடை போட்டது, கப்பல் கட்ட மரம் வேண்டுமே. சூளைகள் நிலக்கரிக்கு மாறின, சூடு கூடியது, கண்ணாடி கெட்டியானது, வாயுவின் அழுத்தத்தைத் தாங்குகிற பாட்டில் கிடைத்தது. பாட்டில் சைடரில் கொஞ்சம் சர்க்கரை போடுவதைப் பற்றி 1662-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் பேச்சு நடந்திருக்கிறது. ஷாம்பெயினைக் கண்டுபிடித்தவர் என்று பலரும் சொல்கிற துறவி டோம் பெரினோன் ஷாம்பெயின் வட்டார மடத்துக்கு வந்து சேர்ந்ததே 1668-இல்தான்.

அஸ்தூரியாஸில் இதற்கு நேர் எதிர். அங்கே பாட்டிலில் குமிழியே கிடையாது, அதனால் ஊற்றும் முறையில் வரவழைக்கிறார்கள். ஊற்றுகிறவர் பாட்டிலைத் தலைக்கு மேல் கை எட்டும் உயரத்தில் பிடித்து, அகன்ற மெல்லிய கிளாஸை மறு கையில் தொடைக்கருகே சாய்த்து வைத்து, கிளாஸைப் பார்க்காமலே நேராக முன்னால் பார்த்தபடி நூல்போல விடுவார். அது கிளாஸின் விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே மோதிச் சிதற வேண்டும், அந்த மோதலில் சைடர் பால்போல நுரைத்து வாசனை எழும்பும். இரண்டு விரல் அளவுதான் ஊற்றுவார், நுரை அடங்குவதற்குள் ஒரே மடக்கில் குடித்துவிட வேண்டும். கடைசிச் சொட்டை மட்டும் விட்டுவைத்து, வாய்பட்ட விளிம்பு வழியாகத் தரையில் ஊற்றிவிடுவார்கள், அடுத்தவரும் அதே கிளாஸில்தான் குடிக்கப்போகிறார். ஓவியேதோ நகரில் கஸ்கோனா தெரு முழுக்க இப்படிப்பட்ட கடைகள். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த அஸ்தூரிய சைடர் பண்பாட்டைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பக்கத்துப் பாஸ்க் நாட்டில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை சைடர் வீடுகள் திறந்திருக்கும். யாராவது "சோச்!" என்று கூவினால் எல்லோரும் சாப்பாட்டை விட்டு எழுந்துபோய், ராட்சசப் பீப்பாயின் சின்னத் துளையிலிருந்து பீய்ச்சுகிற சைடரைக் கிளாஸில் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

உழைப்பவர்களின் பானமாகவே இது நெடுங்காலம் இருந்தது. மேற்கு இங்கிலாந்தில் பண்ணையாட்களுக்குக் கூலியின் ஒரு பகுதியைச் சைடராகவே அளந்து கொடுத்தார்கள். 1887-இல் வந்த சட்டம்தான் அதைத் தடுத்தது. டெவனில் சைடர் குடித்தவர்களுக்கு வருடா வருடம் கடுமையான வயிற்றுவலியும் கைகால் முடக்கமும் வந்தது, ஆப்பிளின் புளிப்புதான் காரணம் என்று நம்பினார்கள். ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் 1767-இல் அது ஈய நஞ்சு என்று காட்டினார். டெவனில் அரவைக்கல்லையும் பிழியும் தொட்டியையும் ஈயம் ஊற்றி இணைத்திருந்தார்கள், சைடரின் அமிலம் அதைக் கரைத்தது. ஈயம் பயன்படுத்தாத ஹெரஃபோர்ட்ஷையரில் அந்த நோயே இல்லை.

அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் இந்தப் பழக்கத்தைக் கொண்டுபோனார்கள். ஜான் சாப்மன், 1774-இல் பிறந்தவர், பென்சில்வேனியாவின் சைடர் ஆலைகளில் ஒதுக்கிய விதைகளைப் பொறுக்கி, ஒஹாயோ, இண்டியானா பக்கம் நாற்றங்கால் போட்டுக்கொண்டே போனார். ஒட்டுக்கட்டுவது அவர் கொள்கைக்கு ஒத்துவராது. விதையில் வந்த அந்த மரங்களின் பழம் தின்ன ஏற்றதாக அமைவது அபூர்வம், சைடருக்குத்தான் போனது. 1840 தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசன் மரக்குடிசையையும் ஹார்ட் சைடரையுமே சின்னமாகக் காட்டி ஜனாதிபதி ஆனார். அப்புறம் மதுவிலக்கு இயக்கம், ஜெர்மானியர்கள் கொண்டுவந்த பீர், கடைசியில் 1920 முதல் 1933 வரை நாடு தழுவிய தடை. அதற்குப் பிறகு பீர் மீண்டது, சைடர் பல பத்தாண்டு எழவில்லை. பீருக்குத் தானியம் ஒரே வருடத்தில் விளையும், ஒரு சைடர் தோப்பை மறுபடி உண்டாக்க அப்படி முடியாதே.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள், குடிக்கிற பழக்கமும் உள்ளவர்கள், முதல் முறையாகச் சுவைத்துப் பார்ப்பதென்றால் பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். முழுச் சாறு என்றும், ஆப்பிள் ரகத்தின் பெயரும், அறுவடை வருடமும் போட்டிருந்தால் நம்பி வாங்கலாம். நார்மண்டியின் பாதி இனிப்பு வகையில் ஆரம்பிப்பது நல்லது, பிடித்தால் அடுத்து சாமர்செட்டின் இனிப்பில்லாத டாபினெட், அஸ்தூரியாஸை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் புளிப்புக்கு நாக்கு பழக வேண்டும். ஐஸ் போடாதீர்கள். 10, 12 டிகிரி குளிர்ச்சி போதும், அதற்குக் கீழே போனால் டானின் கசப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும், பழ வாசனை வராது.